பித்தப்பை லேப்ராஸ்கோப்பி சுலபமா, சிக்கலா: முன்கூட்டியே எவ்வளவு தூரம் சொல்ல முடியும்?

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: "அம்மாவுக்கு வயது 58. உயரம் 152 செ.மீ., எடை 61 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் தழும்பு தொப்புளுக்குக் கீழே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் வலது விலாவுக்குக் கீழ் வலியும் காய்ச்சலுமாக நான்கு நாள் அட்மிட் ஆகியிருந்தார். இப்போது எடுத்த ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் 5 மி.மீ. தடிப்பு, கழுத்துப் பகுதியில் ஒரு கல் சிக்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் 'சின்ன ஆபரேஷன், மறுநாளே வீட்டுக்குப் போகலாம்' என்கிறார். இன்னொருவர் 'ஓப்பனாக (வயிற்றை வெட்டித் திறந்து) மாற்ற வேண்டி வரலாம்' என்று சொல்லி அதற்கும் சேர்த்துக் கையெழுத்து கேட்கிறார். யார் சொல்வதை நம்புவது? இதை முன்னாடியே கணிக்க முடியாதா?"

இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை. முதலாமவர் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் போட்டுக் கேமராவில் பார்த்தபடி, பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன் பொதுவாக எப்படிப் போகும் என்பதைச் சொல்கிறார். இரண்டாமவர் உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுப் பேசுகிறார். நானாக இருந்தால் இரண்டாமவர் பக்கம்தான் சாய்வேன்.

கணிக்க முடியும். கல் எத்தனை, எவ்வளவு பெரிது என்பதைத்தான் வீட்டில் எல்லோரும் முதலில் கேட்பார்கள். சிக்கலைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு குறைவு. இருபது சின்னக் கல் இருந்தும் சுவர் மெல்லியதாக, பை தளர்வாக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு கல், அதுவும் கழுத்தில் மாட்டி நாலைந்து தடவை பை வீங்கி ஆறியிருந்தால் மூன்று மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. அந்தப் பை இதுவரை எத்தனை முறை புண்பட்டது என்பதுதான் முக்கால்வாசிக் கணக்கு.

ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வழக்கமாக நான்கு துளை. தொப்புளில் ஒன்று, மார்புக்குழிக்குக் கீழே ஒன்று, இவை இரண்டும் 10 மி.மீ.; வலது விலாவுக்குக் கீழே 5 மி.மீ. துளை இரண்டு. கார்பன் டை ஆக்சைடு வாயுவை 12 முதல் 14 மி.மீ. பாதரச அழுத்தத்தில் ஏற்றி வயிற்றை உப்ப வைப்பார்கள். பித்தப்பையின் தலையைப் பிடித்துக் கல்லீரலுக்கு மேலாகத் தூக்கி, கழுத்தை வலப்பக்கமாக இழுத்தால் ஒரு சின்ன முக்கோணம் விரியும். அதைக் கேலட் முக்கோணம் என்பார்கள். பித்தப்பையின் குட்டிக் குழாயும் அதற்கு ரத்தம் கொடுக்கும் தமனியும் அங்கேதான். பக்கத்திலேயே, சில நேரம் ஒட்டினாற்போல, கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் மெயின் பித்தக்குழாய். அதைக் குட்டிக் குழாய் என்று நினைத்து வெட்டிவிடுவதுதான் இந்த ஆபரேஷனின் மிகப் பெரிய விபத்து. ஆயிரத்தில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு நடப்பதாக வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன. நடந்துவிட்டால் குடலை எடுத்துப் பித்தக்குழாயோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன் வரை போகும்.

ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சர்ஜன் 1985-ல் இந்த லேப்ராஸ்கோப்பி முறையைத் தொடங்கினார். இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உத்வாடியா செய்தார். முறை பரவிய அந்த முதல் வருடங்களில் பித்தக்குழாய்க் காயங்களும் கூடின. அதனால்தான் 1995-ல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் ஒரு பாதுகாப்பு விதியை வகுத்தார். முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் முழுக்க நீங்கியிருக்க வேண்டும். பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். பைக்குள் நுழைவது இரண்டே இரண்டு குழாய் என்று கண்ணால் தெரிய வேண்டும். இந்த மூன்றும் அமையாமல் குழாயை அடைக்கும் கிளிப் போடக் கூடாது. "சிக்கலான கேஸ்" என்றால் நடைமுறையில் இந்தக் காட்சி கிடைக்காத கேஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை முன்கூட்டியே மதிப்பிடப் பல மதிப்பெண் முறைகள் இருக்கின்றன. நம் நாட்டு நோயாளிகளை வைத்து ரந்தாவா, புஜாஹரி என்ற இரு டாக்டர்கள் 2009-ல் வெளியிட்ட முறை இங்கே நிறையப் புழங்குகிறது. எம்.ஆர்.ஐ. எதுவும் தேவையில்லை, விசாரணை, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, சாதாரண ஸ்கேன், இவ்வளவே. மொத்தம் 15 புள்ளி. 5 வரை சுலபம், 6 முதல் 10 வரை கடினம், 11 முதல் 15 வரை மிகக் கடினம்.

உங்கள் அம்மாவுக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். வயது 50-ஐத் தாண்டிவிட்டது: 1. பெண் என்பதால் 0 (ஆணுக்கு 1). பித்தப்பை வீக்கத்துக்காக அட்மிட் ஆனது: 4. உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 26.4; 25 முதல் 27.5 வரை 1, அதற்கு மேல் 2, ஆக இவருக்கு 1. தொப்புளுக்குக் கீழ்த் தழும்புக்கு 1, மேலே இருந்தால் 2, இவருக்கு 1. பித்தப்பை கைக்குத் தட்டுப்பட்டால் 1. நீங்கள் எதுவும் சொல்லாததால் 0 என்று வைக்கிறேன். சுவர் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் 2. இவருக்கு 5 மி.மீ., ஆக 2. பையைச் சுற்றி நீர் இருந்தால் 1. ரிப்போர்ட்டில் இல்லை, 0. கல் சிக்கியிருப்பது: 1. கூட்டினால் 10. கடினம் என்ற வகையின் மேல் விளிம்பு. இந்த முறையில் கடினம் என்றால் 60 முதல் 120 நிமிடம் ஆவது, பித்தமோ கல்லோ உள்ளே சிந்துவது போன்றவை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போவதும் ஓப்பனாக மாறுவதும் அடுத்த வகை, அதற்கு இவர் ஒரே புள்ளி தூரத்தில் இருக்கிறார். கையெழுத்து கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, 34 வயதுப் பெண், சிசேரியன் தழும்பு, உடல் நிறை எண் 29, சாப்பிட்டபின் அவ்வப்போது அரை மணி நேர வலி, மெல்லிய சுவர், அசையும் கல் என்றால் 3 புள்ளிதான் வரும். ஆள் பருமன் என்று வீட்டில் பயப்படுவார்கள். பருமனால் முதல் துளை போடுவதும் கொழுப்பேறிய கல்லீரலைத் தூக்குவதும் சிரமம், நேரமும் கூடும். ஆனால் கொழுப்பு இருப்பதாலேயே முக்கோணம் ஒட்டிப்போய்விடாது. ஒல்லியாக, சர்க்கரையோடு, சுருங்கிப்போன பித்தப்பையுடன் வரும் அறுபது வயது ஆண்தான் அனுபவமுள்ள சர்ஜனை அதிகம் யோசிக்க வைப்பவர். ஆண்களுக்கு ஏன் கடினம் என்பதற்கு, வலியைப் பொறுத்துக்கொண்டு தாமதமாக வருகிறார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு காரணம்.

இந்த மதிப்பெண்ணில் ஒரு ஓட்டை உண்டு. மிகப் பெரிய புள்ளியான 4, அட்மிட் ஆனவர்களுக்கு மட்டும். நம் பக்கத்தில் பித்தப்பை வலி வந்தவர் நேராக ஸ்கேனுக்குப் போவதில்லை. "கேஸ் வலி", "அல்சர்" என்று தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டு, அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இப்படி மூன்று, நான்கு முறை ஆகியிருக்கும். கேட்டால் "அட்மிட் எல்லாம் ஆனதில்லைங்க" என்பார்கள். தாளில் 0, வயிற்றுக்குள்ளே 4. அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்ததா? கூடவே காய்ச்சல், குளிர் இருந்ததா? மூச்சை இழுத்தால் விலாவுக்குக் கீழே குத்தியதா? ஊசி போட்டும் மறுநாள் வரை தொட்டால் வலித்ததா? கல் வழியை அடைத்து வரும் சாதாரண வலி சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் பை வீங்கியிருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். பழைய கிளினிக் சீட்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் அதுவே ஒரு சாட்சி. பல வருடச் சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி மங்கலாகத்தான் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பை அழுகும் நிலைக்குப் போயும் "லேசா வயிறு பாரமா இருக்கு" என்று மட்டும் சொல்லி வருபவர்கள் உண்டு.

அடுத்து ஸ்கேன். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் எடுத்ததா என்று முதலில் பாருங்கள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் பித்தப்பை இயல்பாகவே சுருங்கிச் சுவர் தடித்துத் தெரியும். அதை வைத்துக் கணிப்பது வீண். ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியது: சுவர் எத்தனை மி.மீ. (3 வரை இயல்பு), பை விரிந்திருக்கிறதா அல்லது சுருங்கி "கான்ட்ராக்டட்" ஆ, கல் புரண்டு படுத்தால் நகர்கிறதா அல்லது கழுத்தில் சிக்கி "இம்பாக்டட்" ஆ, பையைச் சுற்றி நீர் உண்டா, மெயின் பித்தக்குழாய் எத்தனை மி.மீ. வெறும் வயிற்றிலும் சுருங்கிப்போய், சுவரும் கல்லும் நிழலும் மட்டுமே தெரியும் பை என்றால் மதிப்பெண் என்ன சொன்னாலும் கடினம் என்று நினைத்துத் தயாராக வேண்டும். அந்தப் பையைப் பிடிக்கவே இடம் இருக்காது. கழுத்தில் கல் சிக்கி முன்னால் புடைத்த பை வேறு வகை. இடுக்கி வழுக்கும், ஆனால் ஊசி வைத்து உள்ளிருப்பதை உறிஞ்சிவிட்டால் பிடி கிடைத்துவிடும்.

சுவர் தடிப்பு எப்போதும் பித்தப்பை நோய் ஆகாது. மழைக்காலத்தில் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் டெங்கு வரும்போது நல்ல பித்தப்பையின் சுவர்கூட நீர் கோத்துத் தடிக்கும். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், ரத்தத்தில் ஆல்புமின் குறைவு, இதயக் கோளாறு எல்லாவற்றிலும் இப்படியே. காய்ச்சல் நேரத்தில் எடுத்த ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கக் கூடாது. ஆறியபின் மறுபடி எடுக்க வேண்டும்.

தடிப்பு ஒரே பக்கமாக, ஒழுங்கில்லாமல் இருந்தால் கதை வேறு. வேலூர் மருத்துவமனைகளுக்கு மேற்கு வங்கம், பீகார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து ஏராளமானோர் வருகிறார்கள். கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் தென்னிந்தியாவைவிட அதிகம். அதனால் அப்படி ஒரு ஸ்கேனோடு வருபவருக்கு இங்கே சி.டி. எடுக்காமல் துளை போட மாட்டார்கள். புற்றுநோய் மாதிரியே தோற்றம் காட்டும் ஒரு நாள்பட்ட வீக்கமும் உண்டு. அதில் கல்லீரலும் குடலும் பையோடு ஒட்டிக்கொள்ளும், கடினத்தில் அது உச்சம். குடியாத்தத்துக்காரர் என்பதற்காக உங்கள் அம்மாவுக்கு இந்தக் கேள்வி இல்லை என்று ஆகாது. 5 மி.மீ. தடிப்பு சுற்றிலும் சீராக இருக்கிறதா என்று ஸ்கேன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள்.

ரத்தப் பரிசோதனையில் பித்த அடைப்பைக் காட்டும் பில்லிரூபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் முக்கியம். இவை கூடியிருந்தாலோ மெயின் குழாய் 6 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தாலோ கல் ஒன்று கீழே இறங்கியிருக்கலாம், எம்.ஆர்.சி.பி. (பித்தக்குழாயைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) எடுக்க வேண்டும். கழுத்தில் சிக்கிய கல் வெளியிலிருந்து மெயின் குழாயை அழுத்தி அடைப்பதும் உண்டு. மிரிஸி என்று அதற்குப் பெயர். காமாலையோடு கழுத்துக் கல் என்றால் சர்ஜன் முதலில் நினைப்பது அதைத்தான், ஏனென்றால் அங்கே குட்டிக் குழாய் இருந்த இடமே தெரியாமல் போயிருக்கும். ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டுப் பித்தக்குழாயைத் திறப்பது) செய்து கல் எடுத்திருந்தால் பித்தப்பை ஆபரேஷனை இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் அதே அட்மிஷனிலேயே முடிப்பது நல்லது. தள்ளிப்போட்டால் முக்கோணம் நாராகிக் கடினமாகும். கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்குக் கல்லீரலில் பை ஒட்டியிருந்த இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் வரும். அந்தக் கடினம் 2009 மதிப்பெண்ணில் எங்கும் இல்லை. அதேபோல, அந்த முறையில் 60 நிமிடம் என்ற கோடு சர்ஜனின் கையைப் பொறுத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

நேரம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே காரணி. பை வீங்கிய முதல் மூன்று நாளில் திசு நீர் கோத்து மிருதுவாக இருக்கும், தள்ளினால் பிரிந்து வரும். அதனால் முதல் 72 மணி நேரத்தில், தவறினால் ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்வதை இன்று பெரும்பாலானவர்கள் விரும்புகிறார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை மோசமான காலம். ஆம்பூர் தொழிற்சாலையில் பதனிட்ட தோல் மாதிரி இறுகிக் கிடக்கும், கத்தி எங்கே போகிறது என்றே தெரியாது. ஆறு முதல் எட்டு வாரம் கழிந்தால் ஓரளவு தளரும். உங்கள் அம்மா மூன்று மாதம் தாண்டிவிட்டார், இது சரியான நேரம். "ஆடி கழியட்டும்", "நோன்பு முடியட்டும்", "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று ஒவ்வொன்றாகத் தள்ளினால் நடுவில் இன்னொரு வீக்கம் வரும், இன்றைய 10 புள்ளி அப்போது 10 ஆக இருக்காது. சர்க்கரையைச் சரி செய்ய மூன்று, நான்கு வாரம் எடுப்பது நியாயம். எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8-க்குப் பக்கத்தில் வந்தால் போதும், 6.5 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மயக்க மருந்து டாக்டரிடம் மாத்திரை அட்டையையே காட்டுங்கள்.

கடினம் என்று தெரிந்துவிட்டால் என்ன மாறும்? அன்றைய பட்டியலில் அம்மாவுக்கு முதல் இடம் கொடுப்பார்கள், மாலை கடைசியாக வைக்க மாட்டார்கள். பயிற்சி டாக்டர் தொடங்கினாலும் மூத்தவர் தயாராகப் பக்கத்தில் நிற்பார். ஓப்பன் கருவிகள் திறந்து வைக்கப்படும். உள்ளே போனபின் ஸ்ட்ராஸ்பெர்க்கின் மூன்று நிபந்தனையும் அமையவில்லை என்றால் வழிகள் இருக்கின்றன. பையைத் திறந்து கல்லை எடுத்துவிட்டு, கழுத்துப் பக்கம் கொஞ்சம் சுவரை விட்டுவிட்டு மீதியை மட்டும் அகற்றலாம். இதில் ஒரு குழாய் வைத்து அனுப்புவார்கள். சில நாள் பித்தம் வடியலாம், நிற்காவிட்டால் ஈ.ஆர்.சி.பி. செய்து ஸ்டென்ட் வைத்தால் நிற்கும். மிச்சத்தில் பிற்காலத்தில் கல் வரும் வாய்ப்பும் கொஞ்சம் உண்டு. அல்லது விலாவுக்குக் கீழே வெட்டி ஓப்பனாகச் செய்வது. ஓப்பனாக மாறுவதைத் தோல்வி என்று உறவுக்காரர்கள் பேசுவார்கள். மெயின் குழாய் தப்பித்தது என்றால் அந்தத் தழும்பு மலிவான விலை. ஆனால் வெட்டித் திறந்தவுடன் எல்லாம் தெளிவாகிவிடும் என்றும் இல்லை. ஒட்டிய திசு ஓப்பனிலும் ஒட்டியே இருக்கும். அதனால்தான் பாதி எடுத்து நிறுத்துவதை இப்போது பலர் முதலில் யோசிக்கிறார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க, 3 புள்ளி கேஸ் என்றால் குடியாத்தத்திலேயே நல்ல சர்ஜன் உள்ள நர்சிங் ஹோம் போதும், வேலூர் வரை அலைய வேண்டாம். 10 புள்ளிக்கு அதே இடத்தில் ரத்தம், ஐ.சி.யூ., ஈ.ஆர்.சி.பி. செய்பவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வேலூர் ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும்போது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ சி.எம்.சி.யோ போன்ற இடத்தில் ஒரு முறை காட்டிக் கருத்து கேட்பது வீண் செலவு ஆகாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் நாள் குறிக்கும் முன்பே கவுன்ட்டரில் விசாரித்துவிடுங்கள். ஓப்பனாக மாறினாலோ கூடுதல் நாள் தங்கினாலோ அதில் வருமா என்பதையும் சேர்த்து. சர்ஜனிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: "முக்கோணம் தெரியவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" பாதி எடுத்து நிறுத்துவேன், மூத்தவரைக் கூப்பிடுவேன், ஓப்பன் செய்வேன் என்று தயங்காமல் பதில் வந்தால் நல்லது. "அதெல்லாம் வராது, நான் பார்த்துக்கிறேன்" என்று வந்தால் இன்னொரு இடத்திலும் கேளுங்கள்.

நாள் குறித்தபின் காத்திருக்கும் வாரங்களில் அம்மாவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வலி நீடித்தாலோ, காய்ச்சல் குளிரோடு வந்தாலோ, கண் மஞ்சளானாலோ கிளினிக் ஊசியோடு வீட்டில் படுக்க வைக்காதீர்கள். அன்றே ஆபரேஷன் தேதி கொடுத்த இடத்துக்குப் போய், வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைச் சொல்லுங்கள். அந்த 72 மணி நேரம் அப்போதிலிருந்துதான் ஓடுகிறது.